பிளஸ் டூ பிள்ளையிடம் கடை வைக்கச் சொல்லாதீர்கள்

“காலேஜுக்குப் போய் என்னத்தக் கிழிச்சான்? பன்னிரண்டாவதோட ஒரு தொழிலக் கத்துக்குடுத்தா பிழைச்சுக்குவான்.” சங்கரன்கோவில் டீக்கடையில் மட்டுமல்ல, பட்டிமன்ற மேடையிலும் இன்று இதே பேச்சுதான். இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்பவர்கள், மேல்நிலைப் பள்ளியில் கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் படிப்புக்கு மாற்றாகத் தொழில்முனைவோர் பிரிவு ஒன்று வேண்டும் என்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை.

சங்கரன்கோவில் என்ன, தொழில் தெரியாத ஊரா? விசைத்தறிச் சத்தத்திலேயே வளரும் பிள்ளைக்குத் தார் சுற்றவும் அறுந்த இழையை முடியவும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்பா தறியில் நிற்பார், அம்மா தார் போடுவார். பாவும் ஊடை நூலும் முதலாளி கொடுப்பது; நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சேலை கடையில் என்ன விலைக்குப் போனாலும் கூலி அசையாது; அதை உயர்த்தத் தறியை நிறுத்திப் போராட வேண்டும். இந்தக் குடும்பத்துக்குத் திறமையிலா குறை? நூல் வாங்க முதல் இல்லை, கடனுக்கு ஈடு காட்டச் சொத்து இல்லை, சரக்கு தேங்கினால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க வழி இல்லை. பூச்சந்தையிலும் இதே கதைதான். விடியுமுன் மல்லிகை பறித்துக் கொண்டுவருபவர் ஒருவர், விலை சொல்பவர் வேறொருவர். முகூர்த்த நாளில் உச்சிக்கு ஏறும் விலை, அடுத்த வாரமே பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போகும். இதை எந்தப் பாடநூல் மாற்றும்?

சட்டத்தையும் பாருங்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. தமிழக அரசு புதிய தொழில்முனைவோருக்கு மானியத்தோடு கடன் தரும் ‘நீட்ஸ்’ திட்டத்தில் விண்ணப்பிக்க 21 வயதாக வேண்டும். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தறிக்குப் போகும், இல்லையென்றால் திருப்பூருக்குப் பஸ் ஏறும்.

உடனே ஸோஹோவைக் காட்டுவார்கள். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம்தான். பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் அதன் பள்ளியை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைப்பது வேலை. யாரையும் தனியாகக் கடை போடச் சொல்லி அனுப்பவில்லை. அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

தில்லியைச் சொல்பவர்களும் உண்டு. அங்கே அரசுப் பள்ளிகளில் 2019-இல் தொழில்முனைவுப் பாடம் வந்தது; 2021-இல் மாணவருக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்துத் தொழில் செய்துபார்க்கச் சொன்னார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது வழக்கமான படிப்போடு சேர்ந்து நடந்தது. அதில் முன்னணியில் வந்த அணிகளுக்கு அறிவிக்கப்பட்ட பரிசுகளில் ஒன்று, தில்லி அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம்!

தமிழ்நாடு இந்தப் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று மக்கள் கொதித்தார்கள். 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அவரே சிறுவயதில் படிப்பை நிறுத்திவிட்டு விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர். கடையில் உட்கார்ந்து வளர்ந்த அந்த மனிதர் ஆட்சிக்கு வந்ததும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். இன்றைய யோசனையில் சாதியின் பெயர் இல்லை. விரும்பியவர் சேரலாம் என்கிறார்கள். ஆனால் யார் விரும்புவார்கள்? டாக்டர் வீட்டுப் பிள்ளை நீட் வகுப்புக்குப் போகும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையைத்தான் “உனக்கு இதுதான் சரிவரும்” என்று ஆசிரியரே அந்தப் பிரிவில் எழுதிப்போடுவார். மேல்நிலைப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் தொழிற்கல்விப் பிரிவுக்கு நேர்ந்ததும் இதுதான். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாகவே அதை ஆக்கிவிட்டோம்.

பி.இ. முடித்தவன் உணவு டெலிவரிக்கு அலைகிறானே என்று கேட்கலாம். உண்மைதான், வயிறு எரிகிறது. தகுதியான ஆசிரியர் இல்லாமல் பணம் பிடுங்கிய கல்லூரிகளின் குற்றம் அது. அதற்குத் தண்டனையாக அடுத்த பிள்ளையின் பட்டத்தைப் பறிப்பதா? தொழில் தொடங்கி நொடித்துப்போன இருபத்திரண்டு வயதுக்காரனிடம் பட்டம் இருந்தால் குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம். இல்லாதவனுக்கு அந்தக் கதவுகள் அடைத்தே கிடக்கும். துணிந்து தொழிலில் இறங்குபவனுக்குத்தான் பட்டம் அதிகம் தேவை.

2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4 சதவீதம். தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்றது இது. கணக்கு வைப்பது, ஜிஎஸ்டி, அடக்கவிலை போடுவது எல்லாம் பள்ளியில் வரட்டும். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பாராமல் எல்லோருக்கும் வரட்டும். கல்லூரிக்கு மாற்றாக மட்டும் வேண்டாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மேலநீலிதநல்லூரில் கல்லூரி இருக்கிறது, பஸ் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள். தறி எங்கும் போய்விடாது.