‘கஷ்டமான வேலையை ரோபோ பாத்துக்கும்’னு சொன்ன கதைகள்... நிஜத்தில் நடந்தது என்ன?

1964-ம் ஆண்டு நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். 50 வருஷம் கழிச்சு, அதாவது 2014-ல், இதே மாதிரி ஒரு கண்காட்சி நடந்தா அதுல என்னெல்லாம் இருக்கும் என்பதுதான் கட்டுரை.

இன்றைக்கு அதை எடுத்துப் படித்தால் பல இடங்களில் ‘அட!’ போட வைக்கிறார். முகம் பார்த்துப் பேசும் போன் வரும். சுவரில் தட்டையான திரை வரும். செவ்வாயில் ஆளில்லா விண்கலங்கள் மட்டுமே இறங்கியிருக்கும், மனுஷங்க போயிருக்க மாட்டாங்க. தானே ஓடும் வாகனங்களை உருவாக்க பெரிய முயற்சி நடக்கும். நாலுமே சரி. டிரைவர் இல்லாத காருக்கான தன்னோட மாதிரி வடிவத்தை கூகுள் காட்டியதே 2014-ல்தான்!

சறுக்கிய இடங்களும் உண்டு. வீட்டுச் சாதனங்களுக்கு வயரே இருக்காது, கதிரியக்க பேட்டரியில் ஓடும் என்றார். நம்ம வீட்டு மிக்ஸி இன்னும் பிளக் பாயின்ட்டைத்தான் தேடுது. நிலவில் குடியேறியவர்களோடு பேசுவோம் என்றார். 1972 டிசம்பருக்குப் பிறகு நிலவில் யாரும் கால் வைக்கவே இல்லை.

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 1982-ல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்தின் கதை நடப்பது 2019-ல். வானத்தில் கார் பறக்கும், மனிதனைப் போலவே இருக்கும் செயற்கை மனிதர்கள் நடமாடுவார்கள். ஆனால், ஹீரோ வீடியோ காலில் பேச ஒரு பொதுத் தொலைபேசியைத் தேடிப் போய், 1.25 டாலர் கட்டணம் செலுத்துவார். பறக்கும் காரை யோசித்தவர்களுக்கு, இப்போ நீங்க கையில வெச்சிருக்கிற மொபைல் தோணவே இல்லை.

இதையெல்லாம் ஜாலியா படிச்சிட்டுப் போயிடலாம். ஆனா அதே கட்டுரையில் வேலை பற்றி அசிமோவ் சொன்னதை அப்படிக் கடந்துபோக முடியல. வழக்கமான வேலைகள் கிட்டத்தட்ட எல்லாத்தையும் மனுஷனைவிட இயந்திரம் நல்லா செய்யும். மனிதர்கள் அந்த இயந்திரங்களைக் கவனிச்சுக்கிற ஆட்களா மாறிடுவாங்க. படைப்பு சார்ந்த வேலை கிடைக்கும் கொஞ்சப் பேர்தான் கொடுத்து வெச்சவங்க. இதுதான் அவரோட கணிப்பு. எழுதுவது, வரைவது மாதிரியான வேலைகள் பத்திரம் என்று அவர் நம்பினார்.

‘ரோபோ’ன்னா என்ன அர்த்தம்?

இந்த நம்பிக்கைக்கு வயசு அதிகம். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில்தான் ‘ரோபோ’ என்ற சொல்லே முதலில் வருகிறது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு, நம்ம ஊர் வழக்கில் சொன்னா வெட்டி வேலை மாதிரி. அந்த நாடகத்தில் ரோபோக்கள் தொழிற்சாலையில் தயாராகி, மனிதர்களுக்கு பதிலா உழைக்கும். முதுகொடியும் வேலை இயந்திரத்துக்கு, நிம்மதி மனிதனுக்கு. அடுத்த பல பத்தாண்டுகளில் வந்த கதைகளும் படங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே ஓடின.

செஸ் ஆடுது... துணி மடிக்கத் தெரியல

நிஜத்தில் கணக்கு தலைகீழாகப் போனது. 1997-ல் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி தோற்கடித்தது. அந்தப் போட்டியின் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். காஸ்பரோவுக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, கணினி சொல்லும் காயை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். யோசிக்கிற வேலை இயந்திரத்துக்கு, காய் நகர்த்துற வேலை மனுஷனுக்கு!

இந்த முரணை ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதிவிட்டார். அறிவுத் தேர்வு எழுதுவதிலோ, பலகை விளையாட்டிலோ பெரியவர்கள் அளவுக்கு கணினியைக் கொண்டுவருவது ஒப்பீட்டளவில் சுலபம். ஒரு வயசுக் குழந்தை மாதிரி பார்க்கவும் நகரவும் வைப்பதுதான் கஷ்டம் என்பது அவர் வாதம்.

ஏன் இப்படி? மனிதர்கள் எழுதிவைத்த கோடிக்கணக்கான பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன. அதைப் படிக்கக் கொடுத்தால் கணினி மொழியைப் பழகிவிடும். ஆனால் ஈரத்துணியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கணும், வழுக்கும் தட்டை எப்படித் தூக்கணும் என்பதெல்லாம் எங்கேயும் எழுதப்படவில்லை. அது கையில் இருக்கிறது. கார் தொழிற்சாலையில் ரோபோ 1961-லிருந்தே வேலை செய்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஒரே பொருள், ஒரே இடத்தில், ஒரே மாதிரி வந்து நிற்கும். சட்டைத்துணி அப்படி நிற்காது, கசங்கும், நழுவும். அதனால்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி வெட்ட கணினி இயந்திரம் வந்த பிறகும், தையல் மெஷின் முன்னால் டெய்லர் இருக்கிறார்.

தமிழில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வும் எதிர்கால இந்தியாவைப் பற்றிய கதைதான். அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய் பேசும், தானே யோசிக்கும். 1980-களில் விகடனில் தொடராகப் படித்தவர்களுக்கு அது சுத்தக் கற்பனை. இன்றைக்கு ஜீனோவின் பேச்சு நம்ம மொபைலுக்கே வந்துவிட்டது. அந்த நாய் உடம்புதான் இன்னும் எல்லா வீட்டுக்கும் வரவில்லை.

அப்போ யார் வேலைக்கு ஆபத்து?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த சில மாதங்களில் ஏஐ விஷயத்தில் வீதியில் இறங்கிப் போராடியவர்களில் முக்கியமானவர்கள், அசிமோவ் ‘பத்திரம்’ என்று நினைத்த அதே கூட்டம். 2023 மே மாதம் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 148 நாள் நீடித்தது. சம்பளத்தோடு ஏஐ-யும் அவர்களின் கோரிக்கையில் இருந்தது. ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக்கூடாது, ஏஐ-யை பயன்படுத்தியே ஆகணும்னு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

சங்கம் இருந்ததால் அவங்களால வாங்க முடிந்தது. மொழிபெயர்ப்பு, கால் சென்டர், டேட்டா என்ட்ரி, கோடிங் வேலைகளில் இருக்கும் நம்ம ஊர் இளைஞர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. (செய்தி எழுதுறவங்களும் இந்த லிஸ்ட்ல உண்டு.)

ஆனா எல்லாமே ஒரே திசையில் போகுதுன்னும் சொல்ல முடியாது. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024-ல், தங்களோட ஏஐ உதவியாளர் 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைப் பார்க்கிறது என்று பெருமையாக அறிவித்தது. 2025-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரியே, செலவைக் குறைப்பதில் ரொம்ப கவனம் வைத்ததால் தரம் குறைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு, மறுபடியும் மனிதர்களை எடுப்பதாகச் சொன்னார்.

ரோபோ இறங்க வேண்டிய குழி

சாபெக் நாடகத்தில் மனிதனுக்காக உழைக்கவே ரோபோ பிறந்தது. அப்படி ஒரு ரோபோ முதலில் எங்கே தேவைன்னு நம்ம ஊரில் கேட்டா, பதிலுக்கு யோசிக்கவே வேண்டாம். சாக்கடைக் குழி.

இங்கே தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ‘பேன்டிகூட்’ ரோபோவை கேரளாவைச் சேர்ந்த ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018-லேயே களத்தில் இறக்கிவிட்டது. கழிவுநீர்த் தொட்டிக்காக சென்னை ஐஐடி ‘ஹோமோசெப்’ என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. மனிதர்களை இந்த வேலைக்கு இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லிருந்தே இருக்கிறது. துணி மடிப்பதைப் போல கை நுணுக்கம் கேட்கும் சிக்கல்கூட இங்கே பெரிசா இல்லை. மெஷின் வாங்கணும், பராமரிக்கணும். ஒரு ஆளைக் குழிக்குள் அனுப்ப அதைவிட ரொம்பக் குறைவாத்தான் செலவாகுது.

விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் இறந்த செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 அக்டோபரில், இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்குத் தரும் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.