ஆத்துக்கும் ஒரு பங்கு இருக்கு!

காவிரியில் கர்நாடகத்துக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவுன்னு கேட்டா டீக்கடையிலகூட பதில் சொல்லிடுவாங்க. காவிரிக்கு எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க உறவுகளே. பலருக்குத் தெரியாது.

2007 நடுவர் மன்றத் தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தபோதும் இந்தப் பத்தில் கை வைக்கவில்லை. பிப்ரவரி முதல் மே வரை பிலிகுண்டுலுவுக்கு மாதம் 2.5 டி.எம்.சி. வரணும்னு சொல்றாங்களே, அது இந்தக் கணக்குதான். கோடையில் ஆறு செத்துப்போகாமல் இருக்க அதற்கென்றே ஒதுக்கிய தண்ணீர்.

இப்போது அந்த ஓட்டத்துக்குக் குறுக்கேதான் மேகதாது வருகிறது. பெங்களூருக்குக் குடிநீர் 4.75 டி.எம்.சி. என்கிறார்கள். அதற்கு 67.16 டி.எம்.சி. தேக்கும் அணை எதுக்குங்க? நம்ம மேட்டூரே 93.47 தான்! மீதிக்குச் சொல்லும் காரணம் 400 மெகாவாட் மின்சாரம். நீர்மின்சாரத்துல புகை இல்ல, உண்மைதான். ஆனால் ஐயாயிரம் ஹெக்டேர் மூழ்கும், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயக் காடு. யானையும் நீர்நாயும் சாம்பல் மலை அணிலும் வாழும் இடம். காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மஷீர் மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதே கர்நாடகம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா அமைத்திருக்கிறது. சூரியன் சாயங்காலம் வேலை செய்யாதுதான், அதை மறுக்கவில்லை. மாலைத் தேவைக்கு ஏற்கெனவே இருக்கும் அணைகளுக்கு இடையே தண்ணீரை ஏற்றி இறக்கி மின்சாரம் எடுக்கலாம். நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் அப்படித்தான் நடக்கிறது.

சரி, அவங்களை மட்டும் சொன்னா போதுமா? மேட்டூருக்குக் கீழே செக்கானூரிலிருந்து பாசூர் வரை ஏழு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நிலையம். கட்டியது நாம்தான். மின்சாரம் வந்தது, மறுக்கல. ஆனால் ஓடுற ஆறு அங்கே ஏழு குட்டையாகிப்போச்சு. பள்ளிபாளையம் பக்கம் போய்ப் பாருங்க, சாயக்கழிவும் ஆகாயத்தாமரையும்தான் மிதக்குது. பிலிகுண்டுலுவில் எண்ணி வாங்கும் அந்த 2.5 டி.எம்.சி. மேட்டூர் அணைக்குள் வந்ததும் மொத்த இருப்போடு கலந்துவிடுகிறது. கீழே கடைமடையில் கொள்ளிடத்து முகத்துவாரம் வழியா கடல் உள்ளே ஏறுது. அந்தப் பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணிதான். "கடலுக்குப் போற தண்ணி வீண்"னு மேடையில் பேசுறவங்க அந்த ஊர்ல ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டுப் பேசட்டும். (நம்ம மேடைகளிலும் இந்த வசனம் ஒலித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம்.)

மேகதாதுவுக்கு ஒன்றிய அரசு எந்த அனுமதியும் தரக்கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதோடு தமிழ்நாடு அரசிடமும் கேட்கிறோம்: ஆற்றுக்கான அந்த 10 டி.எம்.சி.யை மேட்டூரில் தனிக் கணக்காக வையுங்கள். கோடை நான்கு மாதமும் ஏழு கதவணைகளைத் தாண்டிக் கொள்ளிடம் வரை எவ்வளவு போனது என்று தினமும் வெளியிடுங்கள். மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருதில்ல, அதுக்குப் பக்கத்துல இன்னொரு வரி. அவ்வளவுதான் கேட்கிறோம்.

#காவிரியின்பங்கு