விமானக் கொட்டகையில் படகுக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருப்போர், விமான நிலையக் கொட்டகைகளை வாடகைக்குப் பெறுகின்றனர். அவற்றிற் சிலவற்றில் மோட்டார் வண்டிகளும் படகுகளும் வீட்டுத் தளபாடங்களும் குவிந்திருக்க, விமானம் வைத்திருப்பவர் இடமின்றிக் காத்திருக்கும் நிலை ஏற்பட்டது. செல்வந்தர்களின் பிணக்குத்தானே என நாம் இதனை ஒதுக்கிவிட முடியாது. இந்நிலையங்கள் பலவும் சமஷ்டி அரசாங்கத்தின் மானியத்தில் வளர்ந்தவை. சிறிய நிலையங்களின் திட்டச் செலவில் பெரும்பகுதியை மானியமே ஏற்பதுண்டு. பதிலுக்கு, விமானத் தேவைக்கான இடங்களை அத்தேவைக்கே வழங்குவதாக நிலையம் உறுதியளிக்க வேண்டும். விமானத் தேவைக்கு வாடகை சந்தை விலையிலும் குறைவாக இருக்கலாம். ஏனைய தேவைகளுக்கு அச்சலுகை இல்லை. ஆகவே, அங்கு படகை மட்டும் நிறுத்துபவர் வரி செலுத்துவோரின் செலவில் மலிவான களஞ்சியமொன்றைப் பெற்றுவிடுகின்றார்.

இதனைத் திருத்த முற்பட்ட சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம் 2014 இல் வெளியிட்ட வரைவு, வேறொரு சாராரைப் புண்படுத்தியது. சொந்தக் கையால் விமானம் கட்டுவோர் இறுதிப் பொருத்துதலை மட்டுமே கொட்டகையில் செய்யலாம் என்றது அது. பல ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி விமானப் பணியே அல்ல என்பது எந்த நியாயம்? ஒஷ்கோஷைத் தளமாகக் கொண்ட பரீட்சார்த்த விமானச் சங்கம் உட்படப் பலரும் எதிர்த்தனர். 2016 ஜூனில் வெளியாகி, 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இறுதிக் கொள்கை, வணிக நோக்கற்ற விமானக் கட்டுமானத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டது. 2018 இன் சட்டமும் அதனை உறுதிப்படுத்தியது.

விமானம் உள்ளே இருக்கும்வரை, அதற்கு இடையூறாகாத பிற பொருட்களையும் வைத்திருக்கலாம். குடியிருக்க முடியாது. விமானத் தேவைக்கு எவரும் கேட்காத கொட்டகையை, நிருவாகத்தின் சம்மதத்துடன் மாதாந்த அடிப்படையில் சந்தை வாடகைக்கு விடலாம். இவை நியாயமானவையே.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. திருத்த வேலைக்கு இடமுண்டு. பறக்காத விமானத்தைக் காலவரையின்றிப் போட்டுவைக்க இடமில்லை. ஆனால், தூசி படிந்து நிற்கும் விமானம் திருத்தப்படுகின்றதா, கைவிடப்பட்டதா எனத் தீர்மானிப்பது நிலையத்தை நடத்தும் நகரசபை அல்லது மாவட்ட நிருவாகத்தின் பொறுப்பு. கட்டுமான முன்னேற்றத்துக்கான இலக்குகளைக் குத்தகையிலேயே எழுதிக்கொள்ளக் கொள்கை இடமளிக்கின்றது. அயலவரான வாடகைக்காரரிடம் அதனை வற்புறுத்த எத்தனை சபைகள் துணியும் என்பதே எமது ஐயம்.