சமஸ்கிருதம் சோறு போடுமா?

போடாது. அதாவது நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குப் போடாது. நேர்மையான பதில் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சண்டை பதிலோடு இல்லை. நம்மிடையே இந்தக் கேள்வி கேட்கப்படுகிற விதத்தோடுதான்.

ஆறாம் படிவம் முடித்த ஒரு தமிழ்ப் பிள்ளை, “பல்கலைக்கழகத்துல சமஸ்கிருதம் படிக்கலாம்னு இருக்கேன்” என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? “படிச்சிட்டு கோயில்ல மணியாட்டப் போறியா?” என்பார் அப்பா. தமிழ் அமைப்பில் பொறுப்பில் இருக்கிற மாமா, “தமிழனுக்குப் பொறந்துட்டு வடமொழியா?” என்று கொதிப்பார். பக்தி மிகுந்த அத்தை மட்டும், “நல்லதுப்பா, அது தேவபாஷை. நாசாவே சொல்லிட்டான்” என்று வாழ்த்துவார். மூவரும் வேறு வேறு பக்கம் நிற்பதுபோலத் தெரியலாம். என் கணக்கில் மூவரும் ஒரே பக்கம்தான். ஒருவருக்கு அது பூசாரி வேலை, ஒருவருக்கு எதிரி, ஒருவருக்குச் சாமி. நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒரு துறையாக அது மூவர் கண்ணிலும் படவில்லை.

அப்பாவிடமிருந்து தொடங்குவோம். அவருடைய பயம் நியாயமானது. பி.டி.பி.டி.என். கடனைக் கட்டப்போவது பிள்ளைதான். இந்தியாவில் சமஸ்கிருதத்தில் பி.ஏ. முடித்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேருமிடம் ஆசிரியர் பணி. அதற்கு பி.எட். வேண்டும், கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வும் ‘நெட்’ தேர்வும் வேண்டும். அதற்கு வெளியே கல்வெட்டுத் துறை, ஓலைச்சுவடி நூலகங்கள், பதிப்புப் பணி, அகராதிப் பணி என்று சில வாசல்கள் உண்டு. மைசூரில் இருக்கிற மத்திய அரசின் கல்வெட்டியல் பிரிவு சமஸ்கிருதம் தெரிந்தவர்களை வேலைக்கு எடுக்கிறது. பூனாவின் டெக்கான் கல்லூரி 1948இல் ஒரு சமஸ்கிருதப் பேரகராதி வேலையைத் தொடங்கியது. முப்பத்தைந்து தொகுதிகள் வந்தபோதும் அந்த அகராதி ‘அ’ எழுத்தைக் கடந்திருக்கவில்லை. வேலை தீர்ந்துபோகும் என்ற பயம் அங்கே யாருக்கும் இருக்க நியாயமில்லை. ஆனால் நாற்காலிகள் குறைவு. இந்தியக் குடிமகன் அல்லாத நம் பிள்ளைக்கு அந்த அரசு நாற்காலிகள் கிடைக்கவும் போவதில்லை.

ஆக, சமஸ்கிருதப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் வேலை தேடினால் கஷ்டம்தான். இதை மறைத்து, “மொழி படித்தால் வானமே எல்லை” என்று பேசுகிறவன் பிள்ளையை ஏமாற்றுகிறான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் தமிழ் படித்தவன். எனக்கும் இதே கேள்வி வந்தது. ஒரு கல்விக் கண்காட்சியில் ஆலோசகர் ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “தமிழா? வேற ஒன்னும் கிடைக்கலையா?” என்று கேட்டார். நம்மில் தமிழ் படித்த எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லும்போது குரல் உயரும், கண் சிவக்கும். அதே வாயால்தான் சமஸ்கிருதம் படிக்க விரும்புகிற பிள்ளையிடம் “என்ன வேலை கிடைக்கும்?” என்று சிரிக்கிறோம். தமிழைக் கேட்டால் அவமானம், சமஸ்கிருதத்தைக் கேட்டால் பொது அறிவா?

அத்தைக்கு வருகிறேன். நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் ‘ஏ.ஐ. மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் நாசா ஆய்வு மையம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஒரு வாக்கியத்தின் பொருளைச் சமஸ்கிருத இலக்கணவாதிகள் பிரித்து விளக்கிய முறைக்கும், கணினிக்குள் அறிவைப் பதிந்துவைக்க அன்று பயன்பட்ட முறைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. “கணினிக்கு ஏற்ற ஒரே மொழி” என்பது அதன் பின்னால் முளைத்த வாட்சாப் வால். இதில் எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், உண்மையே போதுமான அளவு பெரியது. சுமார் 4000 சூத்திரங்களில் ஒரு மொழியின் இலக்கணத்தையே விதிகளாக இறக்கிவைத்தவர் பாணினி. அதில் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளக்கூட உட்கார்ந்து உழைக்க வேண்டும். உழைக்க மனமில்லாதவர்களுக்குத்தான் நாசா தேவைப்படுகிறது.

இனி மாமா. அவரோடு பேசத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் என் ஆள்.

மாமாவின் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தரப் பரிந்துரைத்தார். இங்கே ரப்பர் மரம் சீவியவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தில் தமிழ் இரண்டாம் இடமா? ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி எதிர்த்து நின்றார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகள் பணம் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் மையத்தில் இருந்தது. அந்தப் போராட்டம் நடக்காமல் போயிருந்தால் நான் தமிழ் படித்திருக்க மாட்டேன். இந்தக் கட்டுரையும் இல்லை.

இந்தியாவில் இன்று நடப்பதையும் மாமா சுட்டிக்காட்டலாம். 2014-15 முதல் 2024-25 வரை சமஸ்கிருத வளர்ச்சிக்கு மத்திய அரசு செலவழித்தது 2500 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ் உட்பட மற்ற ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது 150 கோடிகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று எழுதியவர்கள் 24,821 பேர். இந்தக் கணக்கைப் பார்த்துக் கோபம் வராதவனுக்கு ஏதோ கோளாறு.

ஆனால் மாமா, பணத்தின் மீதும் அதிகாரத்தின் மீதும் வருகிற கோபம், படிக்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. சாரங்கபாணி தமிழுக்கு இடம் கேட்டார். சமஸ்கிருதத்தை ஒருவரும் தொடக்கூடாது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை என்று நாம் மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அதை முதலில் நிறுவியது யார்? 1816இல் எல்லிஸ், பிறகு 1856இல் கால்டுவெல். இரண்டு பக்கத்துச் சொற்களையும் வேர்களையும் ஒப்பிடத் தெரிந்ததால்தான் அவர்களால் வாதிட முடிந்தது. தமிழ் செம்மொழி என்பதற்கு நாம் இன்றும் காட்டுகிற சாட்சிக் கடிதம் ஜார்ஜ் ஹார்ட் 2000இல் எழுதியது. அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றது சமஸ்கிருதத்தில். அந்தக் கடிதத்துக்கு எடை வந்ததில் அந்தப் பட்டத்துக்கும் பங்கு உண்டு. தமிழின் வழக்கில் நாம் அழைத்த சாட்சிகளெல்லாம் சமஸ்கிருதம் படித்தவர்கள். நாம் மட்டும் படிக்க மாட்டோமாம்.

அந்த மொழியை நம்மிடமிருந்து ஒளித்துவைத்த கதையையும் மறக்க வேண்டாம். அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். சாதியைக் காட்டி மறுத்தார்கள், பாரசீகம் எடுத்துப் படித்தார். பின்னாளில் சொந்த முயற்சியில் சமஸ்கிருதம் கற்றார். சாஸ்திரங்களோடு மோதியவருக்கு, பூட்டிவைத்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டியிருந்தது. ‘உனக்கு வேண்டாம்’ என்று சாதி சொன்னதையே, ‘எனக்கு வேண்டாம்’ என்று நாம் திருப்பிச் சொன்னால் பூட்டுப் போட்டவனுக்குத்தான் லாபம்.

இதற்கு மேல் நான் சொல்ல வருவது மலேசியப் பிள்ளைகளுக்கு. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த மாலுமி புத்தகுப்தன், தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டு எழுதிவைத்தது. ரக்தமிருத்திகா என்றால் செம்மண். அந்தச் செம்மண் நாடு வங்காளத்திலா, இந்தத் தீபகற்பத்திலேயேவா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். வாதிட்டவர்களில் நம் ஆள் எத்தனை பேர்? 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை இடித்தபோது நாம் முகநூலில் கத்தினோம். கத்தியது சரி. கத்தி முடித்தபின் அந்தப் பள்ளத்தாக்கின் கல்வெட்டு ஒன்றை வாசிக்க எத்தனை பேர் புறப்பட்டோம்?

கடாரம் என்றால் நமக்கு மார்பு விரியும். லெய்டன் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலம் ஊரைப் பற்றியது. மொத்தம் 21 ஏடுகள். 16 தமிழ், 5 சமஸ்கிருதம். தமிழ்ப் பகுதி விகாரத்தைக் கட்டியவனாகச் சூளாமணிவர்மனைச் சொல்கிறது. சமஸ்கிருதப் பகுதியோ, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயரால் கட்டியது என்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு மகனைத் தெரியாது. சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவனுக்கு ஊர் எல்லை, வரிக் கணக்கு தெரியாது. அந்தச் செப்பேட்டை எழுதியவர்கள் நம்மைப்போல் பயந்தவர்கள் இல்லை. இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்த்தார்கள்.

மலாய்மொழியைப் பாருங்கள். பாஹாசா, குரு, நெகாரா, மெந்திரி, சாஸ்தெரா எல்லாம் சமஸ்கிருதம். நோன்புக்கான புவாசா, ‘உபவாச’த்திலிருந்து வந்தது. 1303ஆம் ஆண்டைச் சேர்ந்த திரெங்கானு கல்வெட்டு, ஜாவி எழுத்தில் இஸ்லாமியச் சட்டத்தைப் பேசுகிறது. அதில் இறைவனுக்குப் பெயர் ‘தேவதா முலியா ராயா’. ஏன், நாள்தோறும் விண்ணப்பப் படிவங்களில் நாம் ‘அது இல்லை’ என்று பதில் எழுதுகிற பூமிபுத்ரா என்ற சொல்லும் சமஸ்கிருதம்தான். இந்தச் சொற்களின் பயணத்தை நூலாக எழுதியது கோண்டா என்ற டச்சுக்காரர், 1952இல். அந்த மூன்று மொழிகள் நடுவில் பிறந்து வளர்ந்த நாம் எழுதவில்லை.

வேலைக் கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. சமஸ்கிருதம் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறைய. அதோடு தமிழும் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ், சமஸ்கிருதம், மலாய் மூன்றும் ஒரே தலையில் உள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் பிள்ளைக்கு எஸ்.பி.எம். முடிக்கும்போதே இரண்டு கையில் இருக்கிறது. மூன்றாவதைச் சேர்த்தால் தென்கிழக்காசிய வரலாறு, கல்வெட்டியல், அருங்காட்சியகம், மொழிபெயர்ப்பு என்று அவனுக்கு வெளியே போட்டி குறைவு. இது பணக்காரனாகும் வழி இல்லை. ஆனால் வேறு யாராலும் எளிதில் நிரப்ப முடியாத இடம்.

அதனால் படிக்க நினைக்கிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். சமஸ்கிருதத்தை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். வரலாறோடோ, மொழியியலோடோ, தமிழோடோ சேர்த்து எடுங்கள். நம் அரசு அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இணையவழியும் கற்பிக்கின்றன. ஓர் ஆண்டு தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டு வேற்றுமை, ஒருமை பன்மைக்கு நடுவில் இருமை, சந்தி பிரித்தால்தான் கண்ணில் படும் சொற்கள். முதல் ஆண்டு தலை சுற்றும். மேற்படிப்பு இல்லாமல் பி.ஏ.வோடு நின்றால் பயன் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

‘வெண்முரசு’ 26 நாவல்களையும் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த உழைப்பில் பாதி போதும், வியாசனின் பாரதத்தை மூலத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்கலாம். பூனா பண்டார்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை உட்கார்ந்து பாடபேதம் பார்த்துப் பதிப்பித்த பாரதம் அங்கே காத்திருக்கிறது. அதை நம்பிக்கையோடு வாசிக்கிறவனும் வாசிக்கட்டும், எதிர்த்து வாசிக்கிறவனும் வாசிக்கட்டும். எதிர்க்கிறவன் இன்னும் கவனமாக வாசிக்கட்டும்.

நம் மண்ணில் கிடைத்த கல்லை லண்டனிலும் லெய்டனிலும் கொல்கத்தாவிலும் படித்துச் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு ‘எங்கள் வரலாற்றை மறைத்துவிட்டார்கள்’ என்று கூட்டம் போடுகிறோம். சமஸ்கிருதம் சோறு போடுமா என்று கேட்பதை நான் தடுக்கவில்லை. கூடவே, அதைப் படிக்காமல் இருந்து நாம் இதுவரை எதைச் சம்பாதித்தோம் என்பதற்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்.