தொண்டை கட்டிய கம்ப்யூட்டர்

அடுத்த வீட்டு மாமியின் கொலுவைப் பார்த்துவிட்டு வந்து, "வருகிற வருஷம் நம் வீட்டுக் கொலுவில் குளத்தோடு தெப்பமும் வைத்துவிட வேண்டும்" என்று மனத்துக்குள் நீங்கள் சபதம் செய்தது உண்டா, இல்லையா? உண்டென்றால், இன்று நான் சொல்லப் போகும் மனிதர்களை உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும். அவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய போட்டி பொம்மைக்காக அல்ல. ஒரு பழைய கம்ப்யூட்டரின் குரலுக்காக!

'கமோடோர் 64' என்று அதற்குப் பெயர். 1982 ஆகஸ்டில் அமெரிக்காவில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் ஞாபக சக்தி 64 கிலோபைட். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆனால் அது பாடும்! 'ஸிட்' என்ற சில்லு ஒன்று, 28 கால்களோடு மரவட்டை போல உள்ளே உட்கார்ந்திருக்கும். ராபர்ட் யானஸ் என்ற எஞ்சினீயர் வடிவமைத்த அந்தச் சில்லு, ஒரே சமயத்தில் மூன்று குரலில் பாடக்கூடியது.

1994 ஏப்ரலில் கம்பெனி திவாலாயிற்று. அப்புறம் அந்தச் சில்லைச் செய்வார் யார்? ஒரு சில்லு பழுதானால், வேறொரு கமோடோரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒன்று பாடுவதற்காக இன்னொன்று ஊமையாக வேண்டும்! இது எந்த ஊர் நியாயம்?

"புதிதாகவே செய்துவிட்டால் போகிறது" என்று கிளம்பினார்கள் நம் பொழுதுபோக்கு நிபுணர்கள். ஒருவர் சின்னஞ்சிறு கண்ட்ரோலர் சில்லு ஒன்றுக்குப் பாட்டுக் கற்பித்து 'ஸ்வின்ஸிட்' என்று கொண்டுவந்தார். "அதைவிட நான் நன்றாகச் செய்கிறேன்" என்று, வேகம் மிகுந்த வேறு சில்லை வைத்து 'ஆர்ம்ஸிட்' வந்தது. உள் இணைப்புகளை நாமே விரும்பியபடி அமைத்துக்கொள்ளும் சில்லில் 'எஃப்.பி.ஜி.ஏ.ஸிட்' பிறந்தது. மலிவான 'ராஸ்பெரி பை பிக்கோ' பலகையை வைத்து 'ஸிட்கிக் பிக்கோ' வந்து சேர்ந்தது.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? பழைய சில்லின் குணத்தை மட்டும் அல்ல, குறையையும் காப்பியடிக்க வேண்டுமே! ஒலியை வடிகட்டும் பகுதி பழைய சில்லுகளில் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒரே பாட்டு, வீட்டுக்கு வீடு வேறு மாதிரி கேட்கும். சப்தத்தைக் கூட்டிக் குறைத்தால் 'டிக்' என்று ஓர் ஓசை எழும். அந்தக் குறையையே வைத்துச் சாமர்த்தியசாலிகள் கம்ப்யூட்டரைப் பேச வைத்தார்கள். பிற்பாடு கம்பெனி குறையை நீக்கிப் புதுச் சில்லு செய்ததும், பழைய விளையாட்டுகளில் வந்த பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது!

இன்னொரு வேடிக்கை. மவுஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்வதும் இந்தச் சில்லின் வேலைதான். ஆரம்பத்தில் வந்த மாற்றுச் சில்லுகள் சிலவற்றில் பாட்டு பிரமாதம், மவுஸ்தான் அசையவில்லை! இதை அடுத்தவர் சரிசெய்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டார்.

பழைய சில்லில் ஒரு பாட்டு, புதுச் சில்லில் அதே பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, "இந்த இடத்தில் கமகம் போதாது" என்கிற பாணியில் சபா விமரிசனமும் நடக்கிறது.

ஆனால் என் மனத்தைத் தொட்ட விஷயம் வேறு. ஊறுகாய்ப் பக்குவம் கேட்டால் ஒரு சாமானை மட்டும் மறைத்துச் சொல்லும் மனுஷியை நமக்குத் தெரியும். 'ஸிட்கிக் பிக்கோ' செய்தவரோ வரைபடத்தையும் புரோகிராமையும் எல்லோருக்கும் பகிரங்கமாகக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அடித்தளமாக அமைந்தது, வேறொருவர் எழுதி ஊருக்குப் பொதுவாக்கிய 'ரீஸிட்' என்ற புரோகிராம்தான். ஒருவர் அரைத்து வைத்த மாவில் இன்னொருவர் தோசை வார்க்கிறார், பசியாறுவது எல்லோரும்.

இந்தப் போட்டியில் யார் ஜெயித்தால் என்ன? எங்கோ ஒரு வீட்டில், நாற்பது வயசு தாண்டிய யந்திரம் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பாடுகிறது. அதற்காக இன்னொன்று ஊமையாக வேண்டியதில்லை.

ஆகையால், சகோதரிகளே, அடுத்த வீட்டு மாமி நாளைக்கு உங்களிடம் ரஸப்பொடிப் பக்குவம் கேட்டால், சாமான் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைவிட நன்றாகச் செய்துவிட்டால்? ஒரு கிண்ணம் ரஸம் உங்கள் வீட்டுக்கும் வராமலா போகும்!