கறுப்புக் கோட்டு யார் தோளில்?

செங்கல்பட்டுக் கோர்ட்டு வளாகத்தில் வேலை நாள் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். மரத்தடியில் குந்தியிருப்பவர்கள் யார்? திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் கூலி; செய்யூர் உப்பளத்துத் தொழிலாளி; அரிசி மில் பெல்ட்டில் கையைக் கொடுத்தவன்; புருஷன் அடித்துத் துரத்திய பெண்; தோப்போரம் நடந்துபோன குற்றத்துக்குத் திருட்டு வழக்கில் பிடிபட்ட இருளர் பையன். கூண்டில் நிற்பவர்களும் நாம், வாய்தாவுக்கு அலைபவர்களும் நாம், பீஸ் கட்டக் குண்டுமணித் தங்கத்தையும் அடகு வைப்பவர்களும் நாம். ஆனால் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நமக்காகப் பேச எழுந்திருப்பவர்களில் நம்முடைய சேரியிலிருந்தும் மீனவர் குப்பத்திலிருந்தும் இருளர் குடிசையிலிருந்தும் வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

"வக்கீல் தொழிலில் யார் இருந்தால் என்ன தோழரே, நமக்கு வேண்டியது கூலியும் நிலமும்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. கூலிக்கும் நிலத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. இந்த ஜில்லாவின் மண்ணிலேயே அது கிடக்கிறது.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், சேரி மக்களின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். படுத்திருக்கும் குடிசை மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்து வாய் திறந்தால் மனையை விட்டே விரட்டப்படலாம் என்ற அடிமை வாழ்வு அன்று. மறு வருஷம், 1892இல், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது; பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும். நிபந்தனையில் குழப்பம் ஏதாவது உண்டா? இல்லை. பின்னே நிலம் எங்கே போயிற்று? பத்து ரூபாய்க் கடனுக்குக் கைநாட்டு வாங்கிப் போயிற்று. வெற்றுப் பத்திரத்தில் போயிற்று. பட்டாவில் பெயர் மாறிப் போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் பெரிதான பிறகு, ஏக்கரில் பேசிய நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கினார்கள். அப்போது கேட்கவா வேண்டும்!

நூறு வருஷம் கழித்துக் காரணை கிராமத்து மக்கள் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களின் உயிர் போயிற்று.

துப்பாக்கி கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் நூறு வருஷமாக வேலை செய்தது பேனா. மோசடிப் பத்திரம் ஒவ்வொன்றையும் சட்டம் தெரிந்த ஒரு கை எழுதியது. "இது செல்லாது, இதோ 1892ஆம் வருஷத்து நிபந்தனை" என்று அன்றைக்கே எதிர்மனு எழுத, சட்டம் தெரிந்த கை சேரியில் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். நம் சட்டங்களின் கதை முக்காலும் இதுதான். தீண்டாமை ஒழிப்புச் சட்டம் 1955இல் வந்தது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. வரத்துக்குக் குறைவில்லை.

அந்தப் பூசாரி இடத்தில் நம்மவர் உட்காராமல் பார்த்துக்கொண்டது எப்படி என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1916இல் ரெஜினா குஹா என்ற பெண் சட்டம் படித்துத் தேறி, கல்கத்தாவில் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டார். சட்டத்தில் "ஆள்" என்றுதான் இருக்கிறது, ஆண் என்று இல்லையே என்பது அவர் வாதம். ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, அந்தச் சொல் பெண்ணைக் குறிக்காது என்று தள்ளிவிட்டார்கள். வயலில் நாற்று நடும்போது ஆள், நூல் மில்லில் ராட்டை முன் நிற்கும்போது ஆள், கோர்ட்டில் மட்டும் ஆள் இல்லை! அந்தத் தடையை நீக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அது 1923ஆம் வருஷம். மீனவர் குடும்பத்தில் பிறந்து, 1907இல் வக்கீலாகி, ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் கவுனைக் கொளுத்திய சிங்காரவேலர், சென்னை ஹைகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில் மே தினக் கொடியேற்றியதும் அதே வருஷம்தான்.

கதவு திறந்த பிறகும் உள்ளே போனவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களே. அன்னா சாண்டி ஹைகோர்ட்டு நீதிபதியானது 1959இல், கேரளத்தில். சுப்ரீம் கோர்ட்டு 1950இல் தொடங்கியது. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் நீதிபதி அங்கே போக முப்பது வருஷம் ஆயிற்று. 1980இல் போனவர் நம் வட ஆற்காட்டு ஏ.வரதராஜன். முதல் பெண் போக முப்பத்தொன்பது வருஷம். 1989இல் போன பாத்திமா பீவி பெண், அதோடு முஸ்லிம். பின்னால் தமிழ்நாட்டின் கவர்னராகவும் இருந்தவர். 2025 வரை அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்த பெண்கள் மொத்தம் பதினொரு பேர். ஹைகோர்ட்டுகளில் 2018 முதல் 2025 தொடக்கம் வரை நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் தாழ்த்தப்பட்டவர் 22, பழங்குடியினர் 16, மதச் சிறுபான்மையினர் 37. இது சர்க்காரே பார்லிமெண்டில் படித்த கணக்கு. பதிவு செய்த வக்கீல்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்பது 2022ஆம் வருஷத்துக் கணக்கு.

யார் உட்கார்ந்தால் என்ன வித்தியாசம் என்பவர்களுக்கு நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சாலை விபத்தில் ஒரு குடும்பப் பெண் இறந்துபோகிறாள். நஷ்ட ஈடு எவ்வளவு? "அவளுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டில் சும்மா இருந்தவள்" என்பதுதான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எப்போதும் பாடும் பாட்டு. 2009இல் அப்படி ஒரு வழக்கில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், குடும்பப் பெண் செய்யும் வேலை வேலைதான், அதற்கு மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்று விரிவாகத் தீர்ப்பு எழுதினார். அடுப்படியில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது யார் என்று தெரிந்த கை எழுதிய தீர்ப்பு அது. ஆண் நீதிபதிகளுக்கும் அந்தச் சட்டப் புத்தகம்தான் மேஜையில் இருந்தது. அதே புத்தகத்தில் அவர் வேறொன்றைப் படித்தார்.

சரி, நம் பெண் ஏன் அங்கே போய்ச் சேருவதில்லை? படிப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படித்த பிறகுதான் அவளுக்கு வேலி போடுகிறார்கள்.

முதல் வேலி பதிவுக் கட்டணம். வக்கீல்கள் சட்டத்தின்படி அது 750 ரூபாய். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் நாட்டின் பல மாநிலங்களில் பார் கவுன்சில்கள் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று சேர்த்துப் பதினைந்தாயிரம் முதல் நாற்பதாயிரத்துக்கு மேல் வரை வசூலித்து வந்தன. சட்டத்தைக் காக்கிறவர்கள் செய்த காரியம் இது! 2024 ஜூலை 30இல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது என்றும், இப்படி வசூலிப்பது எளிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தொழிலுக்கு வரவிடாமல் தடுப்பதாகும் என்றும் தீர்ப்புச் சொன்னது. அதுவரை அந்தப் பணத்துக்காக வட்டிக்கடை ஏறியவர்கள் கணக்கை யார் எடுப்பது?

இரண்டாவது வேலிதான் பெரிய வேலி. மில் தொழிலாளிக்கு இது உடனே விளங்கும். புதிதாக வந்த வக்கீல் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். காலையில் ஆபீஸ், பகலில் கோர்ட்டு, இரவு ஒன்பது மணி வரை கட்சிக்காரர்கள். சம்பளம்? "தொழில் கற்றுக்கொடுக்கிறேனே, அது போதாதா?" என்பதுதான் பல இடங்களில் சம்பளம். பஸ் சார்ஜுக்குக் கொடுப்பவர் தர்மவான். அப்பன் வக்கீலாகவோ வீட்டில் நிலபுலனோ இருந்தால் நாலைந்து வருஷம் இப்படித் தாக்குப்பிடிக்கலாம். திருக்கழுக்குன்றத்தில் நாற்று நடுகிறவளின் மகள் எத்தனை மாதம் தாங்குவாள்? ஆறு மாதத்தில் அவள் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதப் போய்விடுகிறாள். "பெண்கள் தொழிலில் நிலைப்பதில்லை" என்று அப்போது பெரிய மனிதர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டு இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும், பார் கவுன்சில் இதைச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. நாமும் 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பார்த்தவர்கள்தானே? கூலி கொடுக்காத முதலாளி மீது புகார் கொடுக்கச் சங்கம் இல்லாத மில்லில் அந்தச் சட்டம் சுவரில் தொங்கும் காலண்டருக்குச் சமம். சீனியரின் மீது எந்த ஜூனியர் புகார் எழுதுவாள்? எழுதினால் மறுநாள் எந்த ஆபீஸில் அவளைச் சேர்ப்பார்கள்? கண்காணிக்க ஆள் வேண்டும், கொடுக்காதவர்களிடம் கேட்க அதிகாரம் வேண்டும். அதுவரை அது பாதி உத்தரவு.

இன்னொன்றைச் சொல்லவே கூச்சமாயிருக்கிறது. நீலகிரியில் புதுக் கோர்ட்டுக் கட்டிடத்தில் பெண் வக்கீல்களுக்குச் சரியான கழிப்பறை வசதி இல்லாமல், 2023இல் அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பிறகு 2025 ஜனவரியில்தான் எல்லாக் கோர்ட்டுகளிலும் பெண்களுக்கும் ஊனமுற்றோருக்கும் திருநங்கைகளுக்கும் கழிப்பறை இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. திருநங்கைகளில் முதல் வக்கீலாக சத்யஸ்ரீ ஷர்மிளா பதிவு செய்தது 2018இல், நம் தமிழ்நாட்டில்தான்.

அதே 2018இல், ஹைகோர்ட்டை ஒட்டி இருந்த சென்னைச் சட்டக் கல்லூரியைப் பிரித்து, ஒரு பாதியைப் பட்டரைப்பெரும்புதூருக்கும் மறு பாதியை நம் பக்கத்துப் புதுப்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். கல்லூரி நம் ஜில்லாவுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வகுப்பு முடிந்ததும் எதிர்ப்பக்கம் நடந்து ஹைகோர்ட்டு வாதத்தைக் கேட்கலாம் என்ற வசதி போயிற்று. சொந்தக்கார வக்கீல் இல்லாத ஏழைப் பிள்ளைக்குத்தான் அந்த நடை பெரிய பள்ளிக்கூடம். ஈடாக இங்கே என்ன கொடுத்தார்கள்? கடற்கரைக் கிராமங்களிலிருந்து நேர் பஸ், பெண்களுக்குப் போதிய விடுதி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியை நினைத்துப் பாருங்கள். அன்னதானப் பந்தியில் உட்காரவிடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் துணிந்து பேசியது ஊரெல்லாம் பரவிற்று. 2021 நவம்பரில் முதலமைச்சரே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்லது. ஆனால் பேச்சு பரவாத கிராமங்களில் இருளர்கள் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் முதலமைச்சர் வர முடியாது. ஒரு தாலுகாவுக்கு ஓர் இருளர் வக்கீல் வர முடியும்.

"நம்ம சாதிக்காரன் வக்கீலானால் மட்டும் நம் பக்கம் நிற்பானா?" என்பது நியாயமான கேள்வி. நிற்காதவர்கள் உண்டு. கோட்டுப் போட்டதும் வந்த வழியை மறந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மேல்சாதியில் பிறந்து நமக்காக ஜெயிலுக்குப் போன வக்கீல்களையும் பார்த்திருக்கிறோம். பிறப்பு மட்டுமே வர்க்கத்தை நிர்ணயிக்காது. ஆனால் அந்தப் பிள்ளை முதல் ஐந்து வருஷம் யார் சோற்றில் வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். நாம் கைவிட்டால் ரியல் எஸ்டேட்காரன் ஆபீஸில் சோறு கிடைக்கும். நம் நிலத்துக்கு எதிரான பத்திரத்தை அவளே எழுத நேரும்.

ஆகவே சங்கத் தோழர்களிடம் ஒரு கேள்வி. நம் சங்கங்கள் வருஷத்துக்கு எத்தனை வழக்கு நடத்துகின்றன? லேபர் கோர்ட்டு, விபத்து நஷ்ட ஈடு, பட்டா, ஜாமீன் என்று எத்தனை வக்காலத்து கொடுக்கிறோம்? அதில் ஒரு பெண்ணுக்கு, ஒரு தாழ்த்தப்பட்ட, முஸ்லிம், பழங்குடி இளைஞருக்கு எத்தனை? "பெரிய வக்கீல்தான் ஜெயிப்பார்" என்று நாமே ஓடுகிறோம். பெரிய வக்கீல் வரட்டும். அவரோடு வக்காலத்தில் நம் பெண்ணின் பெயரும் இருக்கட்டும், அவளுக்குரிய பீஸை அவள் கையில் நாமே கொடுப்போம் என்று நிபந்தனை போட நமக்கு வாயில்லையா? சின்ன ஜாமீன் மனுவை அவளே வாதாடட்டும். ஆயிரம் உறுப்பினர் உள்ள சங்கத்தில் தலைக்கு மாதம் 15 ரூபாய் என்றால், ஹைகோர்ட்டு சொன்ன 15,000 ரூபாய் ஒரு ஜூனியருக்குச் சேர்ந்துவிடும். டீக்கடையில் ஒரு டீயின் விலை. அடுத்த பொதுக்குழுவில் வரவுசெலவு படிக்கும்போது வக்கீல் பீஸ் என்ற வரி வரும். அந்த இடத்தில் கையைத் தூக்கி, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.