மழைமீதா வழக்கு?

தோழரே!

மழைமீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கிறது, வானம் இருள்கிறது, ஊருக்கிருந்த ஒரே சாலை உடைகிறது. நட்ட பயிர் நீரில் அழுக, பேறுகால வலியால் துடிக்கும் பெண்ணைக் கட்டிலோடு சுமந்து இடுப்பளவு வெள்ளத்தில் நடக்கிறார்கள். உடனே அறிக்கை வருகிறது: "இயற்கையின் சீற்றம், எவர் என்செய்வது?" குற்றவாளி மழை! வழக்குரைப்பவர் சாலை போட்டவர்! தீர்ப்பு வழங்குபவரும் அவரே!

சாட்சியை மட்டும் எவரும் அழைக்கவில்லை. அது சாலைக்கடியிலே கிடக்கிறது. 6 மீட்டர் நீளத்துக்கு மேற்படாத சிறுபாலம். பொறியாளர் அதனைக் 'கல்வெர்ட்' என்பார். ஊரார் வாயில் அது 'கல்வெட்டு' ஆகிவிட்டது. பிழைதான், ஆனால் பொருத்தமான பிழை! திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல் அருகிலேயே பளபளக்கிறது. வினாடிக்கு எவ்வளவு நீர் இதன் வழியே போகும் என்பது மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை.

கண்டறிய முடியாத கணக்கா அது? அயர்லாந்துப் பொறியாளர் மல்வானி 1851-லேயே வழி சொல்லிவிட்டார். ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பு எவ்வளவு? அதன் கடைக்கோடியில் விழுந்த துளி பாலத்தை வந்தடைய எவ்வளவு நேரம்? அந்த நேரம் முழுதும் மழை எத்துணைக் கடுமையாய்ப் பெய்யும்? பெய்ததில் மண் குடித்தது போக, மிஞ்சி ஓடுவது எத்தனை பங்கு? இவற்றை அறிந்தால் வெள்ளத்தின் அளவை அறியலாம்.

போட்டுத்தான் பார்ப்போமே! பரப்பு 200 எக்டேர், அதாவது 2 சதுர கிலோமீட்டர். மழை மணிக்கு 50 மில்லிமீட்டர். பத்தில் ஆறு பங்கை மண் குடிக்கிறது. நான்கு பங்கு ஓடி வருகிறது. விடை: வினாடிக்கு 11 கன மீட்டர். வினாடிக்கு 11 டன் நீர், தோழரே! ஐயமா? தென்னாட்டில் வழங்கும் ரைவ்ஸ் வாய்பாட்டைக் கேளுங்கள். பரப்பை அதனாலேயே பெருக்கி, வந்த எண்ணுக்குக் கனமூலம் கண்டு, கீழைக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஊராயின் 6.8-ஆல் பெருக்கு என்கிறது அது. விடை 10.8. வேறு வேறு வழியில் வந்தவர் இருவரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்!

இனி அந்த ஓடையின் குறுக்கே கிடக்கும் ஒற்றைக் குழாயைப் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டம். நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் 1.6 கன மீட்டர்தான் போகும். 11 எங்கே, 1.6 எங்கே? ஏழு குழாய் வேண்டிய இடத்தில் ஒன்று! அந்த ஒன்றின் வாயிலும் பாதியைக் கருவேல முள்ளும் நெகிழிப் பையும் அடைத்துக் கிடக்கும்.

போக்கிடம் இல்லாத நீர் மேற்புறம் தேங்குகிறது. வயல் ஏரியாகிறது; சாலை கரையாகிறது. பிறகு சாலைமேல் ஏறி, மறுபுறம் அருவியாய் வீழ்ந்து, கரையின் காலடி மண்ணை அரிக்கிறது. அரிப்பு பின்னோக்கி ஏறித் தாரின் அடிவயிற்றைத் தின்கிறது. காலையில் சாலை இல்லை. குழாய் பத்து வயல் தள்ளிக் கிடக்கிறது. மழையா உடைத்தது? கணக்குப் போடாதவர் கை உடைத்தது!

ஏன் போடவில்லை? 'மதிப்பீடு' என்றொரு சொல் உண்டு. நீரை மதிப்பிட்டு, அதற்கேற்பக் கண் அமைத்து, பின்னர் பணத்தை மதிப்பிடுவது முறை. இவர்களோ பணத்தை முதலில் மதிப்பிடுகிறார்கள். எஞ்சியதற்கு ஒரு குழாய் வாங்குகிறார்கள். ஓடை அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டுமாம்! ஆட்சி எவருடையதாயினும் இந்தப் பழக்கம் மாறக் காணோம். மேலே இருந்த மேய்ச்சல் நிலம் மனைகளாகி, கூரையும் சிமெண்டும் மூடியபின், ஓடும் பங்கு நான்கு எட்டாகிறது, வெள்ளம் இருமடங்காகிறது. குழாய் மட்டும் அப்படியே!

"காயல்பட்டினத்தை மறந்தீரோ?" என்பர் அவர்தம் வழக்கறிஞர். மறக்கவில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரித்துப் போக, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளுடன் செந்தூர் விரைவு வண்டி சிறைப்பட்டது. அத்தகைய பேய்மழை முழுவதையும் விழுங்கும் சிறுபாலம் கட்டுக என்று நாம் கேட்கவில்லை. நீர் ஏறிக் கடந்தாலும் கரையாதபடி, தாழ்ந்த இடத்தில் தரைப்பாலம் அமைத்து, இறங்கு சரிவுக்குக் கல் பதிக்கக் கூடாதா என்கிறோம். 95 சென்டிமீட்டரைக் காட்டி, 10 சென்டிமீட்டர் மழைக்கே உடைந்த சாலைக்கு விடுதலை கேட்பது என்ன நீதி?

இன்னொரு சொல்லையும் கேடயமாய்ப் பிடிப்பர்: "இது 50 ஆண்டுக்கொருமுறை வரும் வெள்ளம்." வந்துவிட்டது, இனி 50 ஆண்டு உறங்கலாம் என்று பொருளா? எந்த ஆண்டிலும் வர நூற்றுக்கு 2 வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு நிற்கும் பாலம் அதனை ஒருமுறையேனும் சந்திக்க நூற்றுக்கு 45 வாய்ப்பு! ஏறக்குறையப் பூவா தலையா ஆட்டம். பந்தயப் பொருள் யாருடையது? ஒப்பந்தக்காரர் வீடா? இல்லை, ஓடையோரத்துக் கூலிக்காரன் குடிசை.

வரும் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். பருவமழை அதன் பின்னரே வரும். முன்னதாகவே, தோழரே, நாடாவும் தாளுமாய் உங்கள் ஊர்ச் சிறுபாலத்துக்குச் செல்லுங்கள். கண் எத்தனை, அகலம் எவ்வளவு, அடைப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, சபையில் எழுந்து கேளுங்கள்: இதற்கு நீர் தரும் பரப்பு எத்தனை எக்டேர்? எந்த மழைக்குக் கணக்கிட்டீர்? வினாடிக்கு எத்தனை கன மீட்டர்? சொல்லும் எண்களைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். பாலத்துச் சுவரில், திறந்து வைத்தவர் பெயருக்கு மேலே, அவற்றைப் பொறிக்கச் சொல்லுங்கள்.